பிளாஸ்டிக் மூடியில் சுவர்ச் சித்திரம்: எந்தப் பசையும் நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

வண்ணக்கட்டி · #1

எல்லோருக்கும் வணக்கம். வேலூர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் மூடிகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்டு, கோயில் திருவிழா என்று ஓர் இடம் விடவில்லை. சுமார் நாலாயிரம் தேறும். பள்ளியின் சுற்றுச்சுவரில் 20 அடிக்கு 6 அடி இடத்தைத் தலைமை ஆசிரியர் ஒதுக்கித் தந்திருக்கிறார். எங்கள் ஊர் ஏரியையும் அதற்கு வரும் நாரைகளையும் அந்த மூடிகளிலேயே செய்ய வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை.

ஒரு மூலையில் சோதனை போட்டுப் பார்த்தோம். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை காய்ந்ததும் தாள் மாதிரி உரிந்து வந்துவிட்டது. துப்பாக்கியில் உருக்கி ஒட்டும் பசைக் குச்சி காலையில் நன்றாகப் பிடித்தது, ஆனால் சுவர் மேற்குப் பார்த்தது. மாலை வெயிலில் மூடிகள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. எந்தப் பசை வாங்கலாம்? கையில் பெரிய தொகை இல்லை, அதனால் தெரிந்துகொண்டு வாங்க நினைக்கிறேன்.

---

அச்சுவார்ப்பு · #2

டீச்சர், நான் ஓசூரில் பிளாஸ்டிக் மோல்டிங் வேலையில் இருக்கிறேன். பசையைத் தேடுவதை விட்டுவிடுங்கள். குற்றம் பசையில் இல்லை.

தண்ணீர் பாட்டில் மூடி பெரும்பாலும் பாலிஎத்திலீன், சில குளிர்பான மூடிகள் பாலிபுரொப்பிலீன். இரண்டும் மெழுகு குணம் உள்ளவை. ஒரு பசை ஒட்ட வேண்டுமென்றால் முதலில் அது பரப்பின் மேல் பரவ வேண்டும். மூடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கும். பசைக்கும் அதே கதிதான். இந்த மூடிகளின் மேல் அச்சடிக்க வேண்டி வந்தால் தொழிற்சாலையில் முதலில் தீச்சுடரையோ மின் பொறியையோ பரப்பின் மேல் ஓட்டி, மேல்தோலை மாற்றிய பிறகுதான் மை போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அதைச் செய்ய வேண்டாம்.

கையில் இருக்கும் பொருள் எது என்று தெரிய ஒரு சின்ன சோதனை இருக்கிறது. வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று, பசை ஒட்டாத ஜாதி. பாட்டிலின் உடம்பை வெட்டிப் போட்டால் மூழ்கும், ஏனென்றால் அது பெட் பிளாஸ்டிக்.

இன்னொன்று. வெயிலில் பாலிஎத்திலீன் விரிகிற அளவு சிமெண்ட் விரிவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பசை ஒட்டினாலும் பகலில் இழுபடும், இரவில் சுருங்கும். தினமும் இப்படி நடந்தால் எந்த ஒட்டும் சோர்ந்துவிடும். உங்கள் பசைக் குச்சி வேறு 70–80 டிகிரியில் இளகுகிற சரக்கு. மே மாதத்தில் மேற்குச் சுவரில் கருநீல மூடி கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்குப் போய்விடும்.

ஆகவே ஒட்டுவதை விட்டுவிட்டுக் கட்டுங்கள், தையுங்கள், பூட்டுங்கள், புதையுங்கள். ஏதாவது ஒன்று மூடியைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

---

கரணை · #3

தம்பி சொன்னது ரொம்ப சரி. நான் கட்டட வேலை மேஸ்திரி. புதைக்கிறதுன்னா எப்படின்னு நான் சொல்றேன்.

மூடியோட உள்பக்கம் பாருங்க டீச்சர், திருகு மரை இருக்கும். அதுதான் உங்களுக்குக் கிடைச்ச பூட்டு. வாய்ப்பக்கம் சுவரைப் பார்த்த மாதிரி, உள்ளே கலவையை நல்லா அடைச்சு, சுவர்ல அரை அங்குலம் பூசின ஈரக் கலவை மேல அழுத்தணும். கலவை மரைக்குள்ள போய் இறுகிடும். அப்புறம் மூடியைத் திருகினாத்தான் கழலும், இழுத்தா வராது. உள்ளே காத்து நின்னா மட்டும் பிடிக்காது. அதனால நடுவுல ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கங்க, காத்து அது வழியா வெளியே போயிடும்.

ஒரு நேரத்துல ரெண்டு சதுர அடிக்கு மேல கலவை பூசாதீங்க. பிள்ளைங்க வேகத்துக்கு அதுக்குள்ள காய்ஞ்சிடும். மணல் பொடியா சலிச்சிருக்கணும். பழைய வெள்ளையடிச்ச சுவரா இருந்தா மொதல்ல கொத்தணும். சுண்ணாம்புப் பத்து மேல எதைப் பூசினாலும் அந்தப் பத்தோட சேர்ந்து கழண்டு வரும்.

ஆனா ஒரு கணக்கு. மூடி அகலம் சுமாரா 3 சென்டிமீட்டர். நேர் வரிசையா வெச்சா ஒரு சதுர அடிக்கு நூறு பிடிக்கும். உங்க சுவர் 120 சதுர அடி, அதாவது பன்னிரண்டாயிரம் மூடி வேணும். உங்ககிட்ட இருக்கறது நாலாயிரம்.

---

வண்ணக்கட்டி · #4

மேஸ்திரி ஐயா, அந்த மரை எங்கள் யாருக்குமே தோன்றவில்லை! இன்று வகுப்பில் ஒரு மூடியைக் கையில் கொடுத்து, இதில் பூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி விரலை உள்ளே விட்டுத் தடவிக் காட்டிவிட்டாள்.

கணக்கைப் பார்த்ததும்தான் கவலை வந்தது. இன்னும் எட்டாயிரம் மூடிக்காகப் பிள்ளைகளைக் குப்பைத் தொட்டிகளுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

---

ஏரிப்பாசனம் · #5

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். இன்னொரு கோணத்தையும் யோசியுங்கள். வெட்டவெளியில் பிளாஸ்டிக் மூடி எத்தனை வருடம் தாங்கும்? புற ஊதாக் கதிர் பட்டால் முதலில் நிறம் வெளிறும், பிறகு மேல்பரப்பு சுண்ணாம்பு பூத்தது போலாகி நொறுங்கத் தொடங்கும். அந்தத் துகளை மழை எங்கே அடித்துச் செல்லும்? நீங்கள் வரைய நினைக்கும் அதே ஏரிக்குத்தான்.

கழிவைக் கலையாக்குகிறோம் என்கிறோம். ஒரு பொருளைக் குப்பையிலிருந்து எடுத்துச் சுவரில் வைத்து, சில வருடத்தில் அது இன்னும் சின்னக் குப்பையாகி மண்ணில் கலந்தால் அதை மீட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலவையில் புதைத்த மூடியைப் பிறகு மறுசுழற்சிக்கும் கொடுக்க முடியாது. பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குபவரிடம் போட்டால் இன்று அது நல்ல சரக்கு.

பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை டீச்சர். ஆனால் இதையும் அவர்கள் முன்னால் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

அச்சுவார்ப்பு · #6

ஏரிப்பாசனம் சொல்வது உண்மைதான். வெளியில் கிடக்க வேண்டிய பிளாஸ்டிக்கில் வெயிலைத் தாங்கும் சேர்மானம் போடுவோம், தண்ணீர்த் தொட்டியெல்லாம் அப்படித்தான். ஒருமுறை திறந்து எறியப்படும் மூடிக்கு அதைப் போட யாரும் செலவு செய்வதில்லை. நேரடி வெயில் படாத தாழ்வாரம் என்றால் பல வருடம் நிற்கும்.

---

ஊசிநூல் · #7

தாழ்வாரம் என்றதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். இந்த இழையில் அவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எல் அனட்சுயி. 1944-ல் கானாவில் பிறந்தவர், 1975 முதல் நைஜீரியாவின் என்சுக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தவர். 1998 வாக்கில் சாராய பாட்டில் மூடிகள் நிரம்பிய பை ஒன்று அவர் கண்ணில் பட்டது. எடுத்துவந்து பட்டறையில் போட்டார். உடனே எதுவும் செய்துவிடவில்லை, மாதக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. பிறகுதான் மூடிகளையும் அவற்றின் கழுத்துப் பட்டைகளையும் தட்டித் தகடாக்கி, மடித்து, முறுக்கி, ஓரத்தில் துளையிட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்தார்.

அப்படித் தைத்ததில் அவருக்குக் கிடைத்தது கனத்த உலோகத் துணி. தொங்கவிட்டால் மடிப்பு விழும். சுருட்டிச் சின்னப் பெட்டியில் வைத்து வேறு நாட்டுக்கு அனுப்பலாம். அங்கே தொங்கவிடுபவர்கள் தங்கள் சுவருக்கு ஏற்ப மடிப்பை அமைத்துக்கொள்ளலாம், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் கட்டளை எதுவும் போடுவதில்லை. 2015-ல் வெனிஸ் கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதைக் கொடுத்தது. 2023-ல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் மாபெரும் டர்பைன் கூடத்திலேயே அவருடைய மூடித் துணிகள் தொங்கின.

ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்து விற்ற சரக்குகளில் சாராயமும் ஒன்று. அந்தப் பண்டமாற்றுக்கும் அடிமை வணிகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவர் எடுத்த மூடியில் அந்த வரலாறு ஏற்கெனவே இருந்தது, அதை மேலே எழுதிக்காட்ட வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. உங்கள் மூடியிலும் ஒன்று இருக்கிறது டீச்சர். ஏரி இருக்கிற ஊரில் ஏன் இத்தனை தண்ணீர் பாட்டில்?

ஆனால் அவருடையது அலுமினியம், மடங்கும். உங்களுடையதை மடித்தாலும் அந்த மடிப்பு நிற்காது. அவர் செய்த தோற்றத்தை அப்படியே எடுத்தால் சரிவராது. தைப்பது என்ற வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிக்கு நாலு துளை போட்டுக் கோழிவலையில் கட்டிவிடலாம், அல்லது மூடியோடு மூடியாகக் கோத்துத் திரைபோல் தொங்கவிடலாம். நாளை வேண்டாம் என்றால் கம்பியை வெட்டினால் மூடி மூடியாகவே திரும்பக் கிடைக்கும். ஏரிப்பாசனத்தின் கேள்விக்கும் அதில் பாதி பதில் இருக்கிறது.

---

வடமராட்சி · #8

நான் பருத்தித்துறைப் பக்கம். கடற்காத்து உள்ள இடம் எண்டா கட்டுக்கம்பி சரிவராது. துரு வடிஞ்சு மண்ணிறக் கோடு விழும். நாங்கள் சிப்பி, சோகி மாலை கோக்கிறதுக்குத் தங்கூசிதான் பாவிக்கிறனாங்கள், மீன்வலைக்குப் பாவிக்கிற நைலோன் நரம்பு. துரு பிடியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனா வெய்யில்ல கிடந்தா அதுவும் மெல்ல மெல்ல பலம் இழக்கும். நிழலுக்க எண்டா பயமில்லை. முடிச்சுத்தான் வழுக்கும், அதால ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்கி, நுனியை நெருப்புக்குச்சியாலை ஒருக்காச் சூடு காட்டி விடுங்கோ. அதைப் பெரியாக்கள் செய்யவேணும், பிள்ளையளிட்டைக் குடுக்காதையுங்கோ.

மோட்டர் வைண்டிங் கடையில கழிச்ச செப்புக் கம்பி நிறுத்து விப்பினம். அதுவும் நல்லது, மிருதுவா வளையும்.

---

வண்ணக்கட்டி · #9

நேற்று இந்தப் பதிவுகளை எட்டாம் வகுப்பில் சத்தமாகப் படித்தேன். பெரிய வாக்குவாதமே நடந்தது. ஒரு பக்கம் வெளிச்சுவர்தான் வேண்டும் என்றது, ஊரெல்லாம் பார்க்குமே என்று. இன்னொரு பக்கம் மூடியை ஏரியோரம் வைக்கவே கூடாது என்றது. கடைசியில் ஒரு பையன் சொன்னதில் எல்லோரும் இணங்கினார்கள். மூடி உள்ளே தாழ்வாரத்தில் தொங்கட்டும், வெளிச்சுவருக்கு வெயிலுக்கு அஞ்சாத வேறு குப்பையைத் தேடுவோம் என்றான்.

அந்த வேறு குப்பை என்ன என்பது அடுத்த கேள்வி. அதற்கு முன் நிறத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். மூடிகளைப் பிரித்துக் கொட்டினோம். பாதிக்கு மேல் நீலம், அடுத்தது வெள்ளை, கொஞ்சம் பச்சை, ஒரு கைப்பிடி சிவப்பும் ஆரஞ்சும். கறுப்பு அறவே இல்லை, சாம்பல் இல்லை, பழுப்பு இல்லை. நாரைக்குக் கறுப்பு இறக்கை வேண்டுமே! பெயிண்ட் அடிக்கலாமா?

---

நிழல்வெளிச்சம் · #10

அடிக்க வேண்டாம். அச்சுவார்ப்பு சொன்ன காரணத்தாலேயே பெயிண்டும் நிற்காது, செதில் செதிலாக உதிரும். அதைவிட, பெயிண்ட் அடித்துவிட்டால் அது மூடியால் செய்த படம் என்பதே போய்விடும். மூடி வடிவத்தில் ஏதோ ஒன்று சுவரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் சென்னையில் ஓவியம் படித்தவன், இப்போது கோலப்பொடியிலும் பயறிலும் பெரிய தரைச்சித்திரங்கள் செய்கிறேன். எனக்குப் பழக்கமான முறை படத்தை வரைந்துவிட்டு நிறத்தைத் தேடுவதில்லை. இருக்கும் நிறத்தை எடை போட்ட பிறகுதான் படத்தை யோசிப்பேன். பாதிக்கு மேல் நீலம் என்றால் படத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். அது உங்களுக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது? ஒரு கைப்பிடி சிவப்பு என்றால் அலகும் காலும் மட்டும் சிவப்பு. செங்கால் நாரைக்கு அதற்கு மேல் சிவப்பு தேவையும் இல்லை.

கறுப்புக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே நீல மூடியை முதுகுப்பக்கம் காட்டி வையுங்கள், பக்கத்தில் அதே மூடியை வாய்ப்பக்கம் காட்டி வையுங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வாய் திறந்த மூடிக்குள் நிழல் விழுகிறது, அதனால் அது இரண்டு படி கருத்துத் தெரியும். ஒரே நிறத்தில் இரண்டு சாயல் கையில் வந்துவிட்டது. வெள்ளை மூடியிலும் அப்படியே சாம்பல் கிடைக்கும். தாழ்வாரத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் வருமானால் இன்னும் அழகாக வேலை செய்யும். வேண்டுமானால் வாயைச் சற்று மேலே, சற்றுக் கீழே சாய்த்துக் கட்டி, இடைப்பட்ட சாயலும் எடுக்கலாம். இறக்கைக் கறுப்புக்குக் கருநீலத்தை வாய் காட்டி வைத்து, சுற்றிலும் வெள்ளையை நெருக்கமாக வைத்தால் கண் அதைக் கறுப்பென்றே எடுத்துக்கொள்ளும்.

இடைவெளியையும் மறக்காதீர்கள். நேர் வரிசையில் வட்டங்களை அடுக்கினால் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலியாக இருக்கும். ஒரு வரிசையின் பள்ளத்தில் அடுத்த வரிசை உட்காரும்படி வைத்தால் காலி இடம் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும், ஆனால் சதுர அடிக்கு 120 மூடி வரை தேவைப்படும். நாலாயிரத்தில் முப்பது சதுர அடிக்கு மேல் செய்யலாம். தாழ்வாரத்துக்கு அது நல்ல அளவு. பின்னால் இருக்கும் சுவரின் நிறம் அந்த இடைவெளிகளில் தெரியும், அதையும் ஒரு நிறமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைவதற்கு முன் கட்டம் போட்ட தாளில் வட்டம் வட்டமாக நிரப்பச் சொல்லுங்கள். முப்பது அடி தள்ளிப் பார்க்க வேண்டிய படத்தை மேசையில் வைத்துப் பார்த்தால் எதுவும் புரியாது. கைபேசியில் படம் எடுத்துச் சுருக்கிப் பார்த்தால் போதும்.

---

கொலுப்படி · #11

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும், பொருள் பற்றிய கேள்விதான். முட்டை அட்டையை ஊறவைத்துக் கூழாக்கி மைதாப் பசை சேர்த்துப் பொம்மை செய்கிறேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது, கரப்பான் அரிக்கிறது. கொலுவுக்கு எடுக்கும்போது பாதி பாழ். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஊசிநூல் · #12

எங்கள் பாட்டி காலத்தில் ஊறவைத்த தாளோடு ஊறவைத்த வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டுவார்கள். அந்தக் கூழைக் குடத்தின் மேல் அப்பிக் காயவைத்து எடுத்தால் கூடை, மூங்கில் முறத்தில் பூசினால் ஓட்டை அடையும். வெந்தயத்தின் பசைத்தன்மை தாளைப் பிடிக்கும், அந்தக் கசப்பில் பூச்சி வராது என்பார்கள். புளியங்கொட்டைப் பசையும் பழைய வழிதான், தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணி ஒட்டுவது அதில்தான்.

தொழிலாகச் செய்பவர்கள் கூழில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் அது விஷம். குழந்தைகள் பிசையும் கூழில் வேண்டாம். எதைச் சேர்த்தாலும் மெல்லிய அடுக்காகப் பூசி, ஒவ்வொன்றும் உள்வரை காய்ந்த பிறகு அடுத்ததைப் பூச வேண்டும். பூஞ்சை உள்ளே நின்றுபோன ஈரத்திலிருந்துதான் வரும்.

---

செக்டர்22 · #13

வெளிச்சுவருக்கு வேறு குப்பை என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். பல வருடமாகச் சண்டிகரில் இருக்கிறேன். இங்கே நேக் சந்தின் பாறைத் தோட்டத்துக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போவேன். ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிதாக ஏதாவது தெரிகிறது.

நேக் சந்த் கலைஞராகப் பயிற்சி பெற்றவர் இல்லை. இந்த நகரத்தைக் கட்டிய நாளில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் ஓடு, பானை, பீங்கான், சைக்கிள் உதிரிகள் எல்லாம் குவிந்து கிடந்தன. 1950-களின் கடைசியில் தொடங்கி, வேலை முடிந்த பிறகு சைக்கிளில் அவற்றை ஏற்றிக்கொண்டு போய், கட்டடமே கட்டக்கூடாது என்று ஒதுக்கிய காட்டுப் பகுதியில் யாருக்கும் தெரியாமல் ஓர் உலகத்தை உண்டாக்கினார். எழுபதுகளின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டது. சட்டப்படி இடித்திருக்கலாம். மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1976-ல் அரசே தோட்டத்தைத் திறந்துவைத்து, அவருக்குச் சம்பளமும் ஐம்பது ஆட்களும் கொடுத்தது. 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் மறைந்தார்.

டீச்சருக்குப் பயன்படுகிற விஷயம் அவருடைய உருவங்கள் எப்படி நிற்கின்றன என்பது. சைக்கிளின் முன்கவை கால்களாகும், இருக்கை விலங்கின் தலையாகும். இரும்பு எலும்புக்கூட்டின் மேல் சிமெண்டுக் கலவை, அதன் மேல் உடைந்த வளையல், பீங்கான், சாயம் போகாத எல்லாம். வளையல் துண்டுகளாலேயே ஆடை உடுத்திய பெண்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். இத்தனை வருட வெயிலும் வட இந்தியக் குளிரும் பட்டும் அந்த நிறம் அப்படியே இருக்கிறது. காரணம், கண்ணாடியின் நிறமும் பீங்கான் மெருகின் நிறமும் தீயில் வெந்தவை. வெயில் அவற்றை ஒன்றும் செய்வதில்லை.

பாங்காக்கின் வாட் அருண் கோயில் கோபுரத்தையும் இப்படித்தான் சீனப் பீங்கான் துண்டுகளாலும் சிப்பிகளாலும் மூடியிருக்கிறார்கள். பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌதியின் பூங்கா இருக்கைகள் உடைந்த ஓடுகள்தான். உங்கள் வெளிச்சுவருக்கும் உடைந்த டைல்ஸ் போடுங்கள்.

---

வண்ணக்கட்டி · #14

உடைந்த டைல்ஸ்! எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு கட்டுகிறார்கள், வாசலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை, எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே சூடு தணிய வெள்ளைத் துண்டுகள்தானே பதித்திருக்கிறோம்.

ஆனால் பிள்ளைகள் சுவரில் நின்றுகொண்டு ஈரக் கலவையில் துண்டு துண்டாகப் பதிக்க முடியுமா? அறுபது பிள்ளைகள், வெயில், கலவை காய்ந்துகொண்டே வரும். கூரான விளிம்பு வேறு. வளையல் துண்டு வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டேன், சின்னக் கைகள் தடவிப் பார்க்கும் உயரத்தில் சுவர் இருக்கிறது.

---

வால்வுக்குழாய் · #15

மேஸ்திரி அண்ணன் டைல்ஸ் பற்றிச் சொல்வதற்குள் தாழ்வாரத்துத் திரைக்கு ஒரு வார்த்தை. நான் அறிவியல் ஆசிரியர். அர்விந்த் குப்தாவின் வழியில் பிள்ளைகளோடு பொம்மை செய்பவன். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அவர். 1970-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்கு வந்து, கிராமத்துச் சந்தையில் கிடைத்ததைக் கொண்டே அறிவியல் சொன்னார். அவருடைய பெயர்பெற்ற கண்டுபிடிப்பு தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ரப்பர் குழாயால் இணைப்பது. தீக்குச்சி எந்த வீட்டிலும் இருக்கும், அதை இணைப்பதற்குத்தான் வழி இல்லாமல் இருந்தது. காசுக்குக் கிடைத்த ஒரு துண்டு ரப்பர் குழாய் அதைத் தீர்த்தது, முக்கோணம், கனசதுரம், வீடு எல்லாம் எழுந்தன. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தால் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம். அனட்சுயிக்குச் செப்புக் கம்பி, நேக் சந்துக்குச் சிமெண்டு, அர்விந்த் குப்தாவுக்கு வால்வுக் குழாய், மேஸ்திரிக்குத் திருகு மரை. பொருளை யார் வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம். இரண்டு துண்டுகள் எப்படிச் சேரும் என்று யோசிக்கும் இடத்தில்தான் கலை வேலை தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

சரி, வேலைக்கு வருகிறேன். நாலு தீக்குச்சியைச் சதுரமாக இணைத்து மூலையைத் தள்ளுங்கள், சாய்ந்துவிடும். மூன்றை முக்கோணமாக இணைத்தால் சாயாது. உங்கள் திரை தொங்கும் சட்டத்துக்கும் இதுதான். கோழிவலையும் நாலாயிரம் மூடியும் சேர்ந்து பத்துக் கிலோவைத் தாண்டலாம். நாலு குழாயைக் கட்டிச் சட்டம் என்று மாட்டினால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மூலைக்கு மூலை குறுக்கே கம்பி ஒன்று இறுக்கிக் கட்டுங்கள்.

துளையிடுவதற்கு: கட்டைத் துண்டில் மூடி உட்காரும் அளவு குழி எடுத்து, அதில் மூடியை வைத்துக் கைத் துரப்பணத்தால் போடுங்கள். மூடி சுழலாது, விரலும் தப்பும். சூட்டுக்கோலால் மட்டும் ஓட்டை போடாதீர்கள், அந்தப் புகை நல்லதில்லை.

---

கரணை · #16

டீச்சர், பிள்ளைங்க சுவர்கிட்டவே வர வேண்டாம். மேசையில உட்கார்ந்தே செய்யட்டும். மொசைக் வேலையில தலைகீழ் முறைன்னு ஒண்ணு இருக்கு.

காக்கித்தாளை அடிக்கு அடி வெட்டி வெச்சுக்கங்க. உங்க படத்தை முழுசா வரைஞ்சு அந்தக் கட்டங்கள்ல பிரிச்சுக்கங்க. ஒவ்வொரு தாளுக்கும் பின்னால நம்பர் போட்டு, மேல்பக்கம் எதுன்னு அம்புக்குறி போடணும். இது ரொம்ப முக்கியம், இல்லேன்னா சுவர்கிட்ட வந்து நாரை காலைத் தேடிக்கிட்டு நிப்பீங்க. மைதாக் கஞ்சி தடவி, டைல்ஸ் துண்டோட பளபளப்பான பக்கம் தாளைப் பார்த்த மாதிரி ஒட்டணும். துண்டுக்குத் துண்டு மூணு மில்லி இடைவெளி விடுங்க.

படம் கண்ணாடியில தெரியற மாதிரி இடவலமா மாறித்தான் சுவர்ல வரும். அதனால வரையும்போதே திருப்பி வரையணும். பள்ளிக்கூடம் பேர் எழுதுறதா இருந்தா எழுத்தையும் திருப்பிப் போடணும்.

துண்டு உடைக்கிறது பெரியவங்க வேலை. சாக்குப் பைக்குள்ள டைல்ஸைப் போட்டு மேலே சுத்தியால தட்டுங்க, சிதறாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கங்க. ஒவ்வொரு துண்டோட விளிம்பையும் மொசைக் தேய்க்கிற கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு அப்புறம்தான் பிள்ளைங்க கையில கொடுக்கணும். கையுறை அப்பவும் வேணும்.

சுவரைக் கொத்தி, கழுவி, ஒரு பூச்சு பூசிக் காயவெச்சு வெச்சிருக்கணும். அது மேல டைல்ஸ் ஒட்டுற பவுடரைக் குழைச்சுப் பல்லுக் கரண்டியால இழுத்து, கஞ்சி காய்ஞ்ச தாளை அப்படியே கவிழ்த்து அழுத்தி, பலகை வெச்சுத் தட்டணும். துண்டு அசையாத அளவு பிடிச்சதும் தாள் மேல ஈரத்துணியால ஒத்தி ஒத்தி எடுங்க. கஞ்சி கரைஞ்சு தாள் உரிஞ்சு வந்துடும். அவசரப்பட்டு இழுத்தா துண்டும் கூட வரும். ஏதாவது நகர்ந்திருந்தா அந்த நேரத்துலதான் சரி பண்ணலாம்.

இடைவெளியில க்ரௌட் அடைக்கிறது மறுநாள். அது விளிம்பை மூடறதால கையும் கிழிக்காது.

---

நிழல்வெளிச்சம் · #17

மேஸ்திரி, ஒரு சந்தேகம். க்ரௌட் என்ன நிறம் வைப்பீர்கள்? வெள்ளை க்ரௌட் போட்டால் நிறங்கள் எல்லாம் வெளிறிப் போகும், என் கண்ணுக்குக் கருஞ்சாம்பல்தான் நீலத்தை எடுத்துக்காட்டும்.

---

கரணை · #18

நீங்க சொல்றது சரிதான் தம்பி. தண்ணி இருக்கற இடத்துக்குக் கருஞ்சாம்பல், நாரை உடம்புக்கு மட்டும் வெள்ளை. ரெண்டும் சேருற கோட்டுல வெள்ளையை மொதல்ல போட்டு, அது காய்ஞ்ச பிறகுதான் கருஞ்சாம்பலைப் போடணும், இல்லேன்னா நாரை அழுக்காயிடும். டீச்சர், தாள் ஒட்டி முடிச்சதும் எத்தனை சதுர அடின்னு இங்க எழுதுங்க. எத்தனை மூட்டை பவுடர் வேணும்னு கணக்குப் போட்டுச் சொல்றேன். தேவைக்கு மேல வாங்கி வெச்சா மழை ஈரத்துல கட்டியாயிடும்.